சிற்றலையில் தொலைதூர நிலையங்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி

சிற்றலை வானொலியைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பெட்டியை வாங்கலாம் என்பதைத்தான். அதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த பெட்டியை வைத்துக்கொண்டு பொருந்தாத நேரத்தில் பொருந்தாத அலைவரிசையைத் திருகுகிறவருக்கு இரைச்சலைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. எளிய பெட்டியோடு உரிய நேரத்தில் அமர்கிறவருக்கோ 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அறிவிப்பாளர் தம் நிலையத்தின் பெயரைச் சொல்வது காதில் விழும்.

இதனை டி.எக்ஸிங் என்பார்கள். டி.எக்ஸ். என்பது தந்திக்காரர்கள் தொலைவைக் குறிக்கக் கையாண்ட சுருக்கம். நிகழ்ச்சிக்காக வானொலி கேட்கும் நேயருக்கு ஒலி தெளிவாக இருக்க வேண்டும், டி.எக்ஸருக்கு அது இரண்டாம்பட்சம். இரைச்சலுக்கு அடியில் முணுமுணுக்கும் நிலையம் எது, அது எங்கிருந்து வருகிறது என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் கண்டறிவதே அவருடைய வேலை. ஆகவே, இந்தப் பொழுதுபோக்கில் கற்றுக்கொள்ள வேண்டியவை முக்கியமாக இரண்டுதான்: எப்போது, எங்கே தேடுவது என்பதும், கிடைத்ததை எப்படி அடையாளம் காண்பது என்பதும்.

பகலும் இரவும்

சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் குறிக்கும். இந்த அலைகள் பூமியின் வளைவைத் தாண்டிச் செல்வதற்குக் காரணம், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்று நமக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் அயனி மண்டலம். அதன் உயரமான அடுக்கான எஃப் அடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்புகிறது. ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கோ அலைகளைத் திருப்புவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. அதிலும் குறைந்த அதிர்வெண்களையே அது அதிகமாக உறிஞ்சுகிறது. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு விரைவில் கலைந்துவிடும். எஃப் அடுக்கு இரவிலும் பெருமளவு நீடிக்கும்.

தொடக்கநிலை நேயருக்குத் தேவையான விதி முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. தோராயமாக 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை இரவுக்கு உரியவை. அதற்கு மேலே உள்ளவை பகலுக்கு உரியவை. நண்பகலில் 49 மீட்டர் பேண்டைத் திருகிவிட்டு, சிற்றலை செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். அதே இடத்தை இருட்டிய பின் திருகினால், அருகருகே நிலையங்கள் கேட்கும். ஒலிபரப்பு நிலையங்கள் பேண்டுகளாகக் கூடியிருக்கின்றன: 49 மீட்டர் என்பது 5900 முதல் 6200 கிலோஹெர்ட்ஸ் வரை, 41 மீட்டர் 7200 முதல் 7450 வரை, 31 மீட்டர் 9400 முதல் 9900 வரை, 25 மீட்டர் 11600 முதல் 12100 வரை, 19 மீட்டர் 15100 முதல் 15800 வரை. இவற்றில் 31 மீட்டர் பேண்டு பகலுக்கும் இரவுக்கும் நடுவே நிற்பதால், நாளின் எந்த நேரத்திலும் ஏதாவது அகப்படும். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மீட்டர் கணக்கு குழப்பினால், 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள், 9.6 மெகாஹெர்ட்ஸுக்கு 31 மீட்டருக்குச் சற்று மேலே வரும்.

எஃப் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை, ஒரே தாவலில் 4000 கிலோமீட்டர் வரை செல்லக்கூடும். தரையில் பட்டு மீண்டும் மேலெழுந்து, இரண்டு மூன்று தாவல்களில் கண்டங்களைக் கடந்துவிடும். ஒவ்வொரு தாவலுக்கும் அடியில் அலை இறங்காத இடைவெளி ஒன்று உண்டு. சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையம் கேட்காமல், கடலுக்கு அப்பாலுள்ள நிலையம் கணீரென்று கேட்பதன் காரணம் இதுதான்.

இந்தப் பொழுதுபோக்கின் பொன்னான நேரம் விடியலும் அந்தியும். அப்போது, உங்கள் இடத்தையும் ஒலிபரப்பி இருக்கும் இடத்தையும் பகல்–இரவு எல்லைக்கோடு ஒன்றாகத் தொட்டுச் சென்றால், உறிஞ்சும் அடுக்கு மெலிந்தும் திருப்பும் அடுக்கு வலுவோடும் இருக்கும். மற்ற வேளைகளில் சுவடே தெரியாத சிறு நிலையம் கால் மணி நேரம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். 4750 முதல் 5060 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள 60 மீட்டர் பேண்டில் பெரு போன்ற நாடுகளின் குறைந்த திறனுள்ள உள்நாட்டு நிலையங்களைத் தேடுகிறவர்கள் இந்தக் கால் மணி நேரத்துக்காகவே விழித்திருப்பார்கள்.

சூரியனின் மனநிலையையும் கவனிக்க வேண்டும். சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாகக் கூடிக் குறைகின்றன. இப்போது நடக்கும் 25-ஆவது சுற்று 2019 டிசம்பரில் தொடங்கி 2024-ஐ ஒட்டி உச்சத்தை அடைந்தது. புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் 15 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பேண்டுகள் உயிர்பெறும். குறைந்த ஆண்டுகளில் கீழ்ப் பேண்டுகளே துணை. நாள்தோறும் வெளியாகும் எண்களில், பூமியின் காந்தப்புலக் கலக்கத்தைக் காட்டும் கே குறியீட்டை மட்டும் பார்த்தால் தொடக்கத்துக்குப் போதும். அது 0 முதல் 9 வரை செல்லும். 2-க்குக் கீழே இருந்தால் வானம் அமைதியாக இருக்கிறது என்று கொள்ளலாம், 5-ஐத் தொட்டால் துருவப் பகுதிகளைக் கடந்து வரும் நிலையங்களை அன்றைக்கு மறந்துவிடலாம். பெரிய சூரியச் சீற்றம் ஏற்படும்போது, பூமியின் பகல் பக்கம் முழுவதும் சிற்றலை சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை அடியோடு அடங்கிப்போவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

பெட்டி

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. அலைவரிசையை 1 கிலோஹெர்ட்ஸ் துல்லியத்தில் எண்ணாகக் காட்ட வேண்டும். முள் ஓடும் பழைய அளவுகோலை வைத்துக்கொண்டு டி.எக்ஸிங் பழகுவது வீண் சிரமம். அலையின் ஒரு பக்கப் பாதியை மட்டும் பிடித்துக் கேட்க உதவும் எஸ்.எஸ்.பி. வசதி இருக்க வேண்டும். பொழுதுபோக்காகத் தமக்குள் வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களையும் வான்போக்குவரத்து அறிவிப்புகளையும் அது இல்லாமல் கேட்க இயலாது. அலையின் அகலத்தைக் குறைக்கும் வடிப்பான், வெளி ஏரியலுக்கான துளை, பேட்டரியில் இயங்கும் திறன் ஆகியவையும் வேண்டும். டெக்சன் பி.எல்.330, பி.எல்.880, எக்ஸ்.எச்.டேட்டா டி.808 போன்ற கையடக்கப் பெட்டிகளில் இவை அனைத்தும் உள்ளன. கணினியோடு இணைக்கும் எஸ்.டி.ஆர். கருவிகளில் ஒரு பேண்டு முழுவதையும் திரையில் கண்ணாலேயே பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் கணினியே பெரிய இரைச்சல் மூலமாக இருப்பதாலும், காதைப் பழக்குவதற்கு முன் கண்ணை நம்பத் தொடங்கிவிடுவோம் என்பதாலும், முதல் ஆறு மாதங்களுக்குக் கையடக்கப் பெட்டியே நல்லது என்பது என் கருத்து.

எஸ்.எஸ்.பி. வசதிக்கு இன்னொரு பயனும் உண்டு. பக்கத்து அலைவரிசையின் குறுக்கீட்டால் ஒரு நிலையம் புரியாமல் போகும்போது, எஸ்.எஸ்.பி.க்கு மாற்றி, விசில் ஒலி முற்றிலும் அடங்கும் வரை நுண்ணிய குமிழைத் திருகினால், அந்த நிலையத்தின் மேல்பாதியையோ கீழ்ப்பாதியையோ மட்டும் தனியே கேட்கலாம். எந்தப் பாதியில் குறுக்கீடு குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், புதிய பெட்டி வாங்கும் ஆசை பாதி தணிந்துவிடும்.

ஏரியலும் இரைச்சலும்

பெட்டியிலுள்ள நீட்டுக் கம்பியே வலுவான நிலையங்களுக்குப் போதுமானது. அடுத்த படி, 10 மீட்டர் அளவுள்ள உறையிட்ட மெல்லிய செம்புக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியே உயரமாகக் கட்டி, அதன் முனையை வெளி ஏரியல் துளையில் செருகுவதோ, நீட்டுக் கம்பியில் கவ்வியால் பிடிப்பதோதான். மிக நீளமான கம்பி சிறிய பெட்டியைத் திணறடித்துவிடும். எங்கு திருகினாலும் அதே நிலையங்கள் கலந்து கேட்கத் தொடங்கினால், பெட்டியின் உணர்திறன் விசையை உள்ளூர் நிலைக்கு மாற்றுங்கள் அல்லது கம்பியைக் குறையுங்கள். ஒரு பேண்டுக்கென்றே இருமுனை ஏரியல் கட்ட விரும்பினால், 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 31 மீட்டர் பேண்டுக்கு அது ஏறக்குறைய 15 மீட்டர். மின்கம்பிகளுக்கு மேலாகவோ அருகிலோ எந்தக் கம்பியையும் கொண்டுசெல்லாதீர்கள். இடி மின்னல் வருவதற்கு முன்பே வெளி ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

ஆனால் இன்றைய நேயரின் பெரும் எதிரி ஏரியலின் குறைபாடு அன்று. வீட்டுக்குள் பிறக்கும் மின் இரைச்சல்தான். ஒருநாள் 41 மீட்டர் பேண்டு முழுவதும் ஒரே சீரான உறுமலாக இருந்தது. பெட்டியைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். உறுமல் சட்டென்று நின்று, அதற்கடியில் மூன்று நிலையங்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு ஒவ்வொரு சாதனமாக இயக்கிப் பார்த்ததில், எந்தத் தொலைபேசியும் மாட்டப்படாமல் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு சார்ஜர்தான் குற்றவாளி என்று தெரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அனைவரும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட வேண்டும். சார்ஜர்கள், எல்.இ.டி. விளக்குகள், கணினியின் மின்வழங்கிகள் ஆகியவையே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். அண்டை வீட்டிலிருந்து வருவதாக இருந்தால், கையடக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளிச் சென்று திறந்தவெளியில் கேட்பதே எளிய வழி.

முதல் வாரப் பயிற்சி

நிலையங்களைத் தேடுவதற்கு முன், எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் நேர அறிவிப்பு நிலையங்களில் காதைப் பழக்குங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையம் 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸிலும், ஹவாயிலுள்ள டபிள்யூ.டபிள்யூ.வி.எச். அவற்றில் முதல் நான்கிலும் ஒலிபரப்புகின்றன. நேரத்தை முதல் நிலையத்தில் ஆண் குரலும் இரண்டாவதில் பெண் குரலும் சொல்லும். சீனாவின் பி.பி.எம். நிலையமும் இதே அலைவரிசைகளில் உண்டு. 5, 10, 15 ஆகிய மூன்றையும் ஒரு நாளில் மூன்று நான்கு வேளைகளில் கேட்டு, எது எப்போது எந்த வலுவில் வந்தது என்று ஒரு வாரம் எழுதி வந்தால், மேலே சொன்ன பகல் இரவு விதி உங்கள் குறிப்பேட்டிலேயே தெரிய வரும்.

எஸ்.எஸ்.பி. உள்ளவர்கள் 14.100 மெகாஹெர்ட்ஸில் உள்ள கலங்கரை நிலையங்களையும் கேட்கலாம். உலகின் பல பகுதிகளில் அமைந்துள்ள 18 நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பத்து வினாடிகள் ஒலித்து, 3 நிமிடங்களில் ஒரு சுற்றை முடிக்கும். ஒவ்வொன்றும் தன் அழைப்புக் குறியை மோர்ஸில் அனுப்பிவிட்டு, நான்கு நீண்ட ஒலிகளை 100, 10, 1, 0.1 வாட் என்று படிப்படியாகத் திறனைக் குறைத்து அனுப்பும். நான்காவது ஒலியும் கேட்டுவிட்டால், கைவிளக்குக்குக்கூடப் போதாத திறன் கடல் கடந்து உங்களிடம் வந்திருக்கிறது என்று பொருள். அயர்லாந்தின் ஷானன் நிலையம் 5505, 8957 கிலோஹெர்ட்ஸில் விமானிகளுக்காக வாசிக்கும் வானிலை அறிக்கையையும் இவ்வாறே எஸ்.எஸ்.பி.யில் முயன்று பார்க்கலாம். நிலையத்தின் பெயர் அடிக்கடி வருவதால் அடையாளம் காண்பது எளிது. ஒலிபரப்பு நிலையங்கள் அல்லாதவற்றைக் கேட்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுபடும் என்பதால், உங்கள் நாட்டின் விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு 31 மீட்டர் பேண்டுக்கு வாருங்கள். எந்த நேரத்திலும் திருகலாம் என்றாலும், மணி நிறைவதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களை விட்டுவிடாதீர்கள். கீழே சொல்லும் நிலையப் பட்டியல்களில் உள்ள ஓர் அலைவரிசையில் பெட்டியை நிறுத்தி, காதொலிப்பானில் கேட்டுக்கொண்டிருங்கள். முதலில் வெறும் கரகரப்பு இருக்கும். திடீரென்று அந்தக் கரகரப்பு அமுங்கும். ஒலிபரப்பி இயக்கப்பட்டு, பேச்சின்றி வெறும் அலையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பின்னர் அடையாள இசை திரும்பத் திரும்ப வரும். நியூசிலாந்தின் ஆர்.என்.இசட். பசிபிக் நிலையம் இதற்கு பெல்பேர்ட் என்ற பறவையின் கூவலைப் பயன்படுத்துகிறது. ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். மணி ஒலி, நிலையத்தின் பெயர், அலைவரிசை அறிவிப்பு, செய்தி என்று வரிசையாக வரும் அந்த நிமிடத்தில் எழுதுகோல் கையில் இருக்க வேண்டும்.

எந்த நிலையம் எப்போது எந்த அலைவரிசையில் என்பதை எச்.எஃப்.சி.சி., எய்பி போன்ற பட்டியல்களில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டியல்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்றும் மாறும். அவற்றிலுள்ள நேரம் உலக நேரம், அதாவது யு.டி.சி.; எனவே கடிகாரம் ஒன்றை அந்த நேரத்துக்கே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். நள்ளிரவை ஒட்டிய வேளைகளில் உங்கள் தேதியும் உலக நேரத் தேதியும் வேறுபடும். புதியவர்கள் அனுப்பும் அறிக்கைகளில் மிகச் சாதாரணமான பிழை இதுதான்.

அடையாளம் காணுதல்

பட்டியல் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டதாக எழுதிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். 9 மெகாஹெர்ட்ஸில் புரியாத மொழியில் ஏதோ ஒலிக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. இரண்டையும் இணைத்து எழுதிவிடுகிறோம். பட்டியல் தேடுவதற்கான துணையே தவிர, சான்று ஆகாது. பெயர் காதில் விழ வேண்டும், அல்லது அடையாள இசை பொருந்த வேண்டும், அல்லது அதே நிலையத்தின் மற்றோர் அலைவரிசையிலும் அதே நிகழ்ச்சி ஒரே சமயத்தில் ஓட வேண்டும். மொழி தெரியாவிட்டாலும், நாட்டின் பெயர், தலைநகர், நாணயம் ஆகியவை செய்தியில் அடிக்கடி வருவதைப் பிடித்துவிடலாம்.

மொழியை வைத்து இடத்தை முடிவு செய்வதும் கூடாது. ஜப்பானின் என்.எச்.கே. பிரான்சிலுள்ள இசூடன் ஒலிபரப்பு மையத்தின் வழியாகவும், பி.பி.சி. அட்லாண்டிக் கடலின் நடுவேயுள்ள அசென்ஷன் தீவின் வழியாகவும் ஒலிபரப்பியுள்ளன. டி.எக்ஸருக்குக் கணக்கில் வருவது நிலையத்தின் தலைமையகம் இருக்கும் ஊர் அன்று. கோபுரம் நிற்கும் இடமே.

நான் தொடங்கிய காலத்தில் 8670 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையத்தைக் கண்டுபிடித்தேன். எந்தப் பட்டியலிலும் அது இல்லை என்பதால், யாரும் அறியாத அரிய நிலையம் என்று இரண்டு வாரங்கள் பூரித்துப்போய் பக்கம் பக்கமாக எழுதினேன். பிறகு ஒரு மாலையில் தற்செயலாக 9580-க்குத் திருகியபோது அதே குரல், அதே சொற்கள், பன்மடங்கு வலுவாக ஒலித்தன. இரண்டுக்கும் இடையே 910 கிலோஹெர்ட்ஸ். என் மலிவான பெட்டி, வரும் அலையை உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண்ணான 455-இன் சரியான இருமடங்கு. வலுவான நிலையத்தின் நிழல் 910 கீழே தோன்றுவது அத்தகைய பெட்டிகளின் இயல்பு. அன்று முதல், ஐயமான எதையும் 910 மேலே சென்று பார்த்துவிட்டே எழுதுகிறேன். ஒலிபரப்பு நிலையங்கள் பெரும்பாலும் 0 அல்லது 5-இல் முடியும் அலைவரிசைகளையே பயன்படுத்துவதால், 8673 போன்ற எண்ணில் தெளிவான நிகழ்ச்சி கேட்டாலும் ஐயப்பட வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு அருவிபோல் இரையும் ஒலி பெட்டியின் கோளாறு அன்று, டி.ஆர்.எம். என்னும் எண்முறை ஒலிபரப்பு சாதாரணப் பெட்டியில் அப்படித்தான் கேட்கும்.

பிறர் அமைத்துள்ள இணையவழிப் பெட்டிகளும் இதற்கு உதவும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ளதைப் போன்ற ஒன்றைத் திறந்து, உங்களுக்கு ஐயமான நிலையம் அங்கே தெளிவாகக் கேட்கிறதா என்று ஒப்பிடலாம். ஆனால் அங்கே கேட்டதை உங்கள் பெட்டியில் கேட்டதாகக் கணக்கு எழுதுவது ஆட்டத்தில் ஏமாற்றுவதற்குச் சமம்.

அறிக்கையும் அட்டையும்

நிலையத்துக்கு நீங்கள் அனுப்பும் கேட்பறிக்கை சரியாக இருந்தால், அதனை உறுதிப்படுத்தும் கியூ.எஸ்.எல். அட்டை வரும். அறிக்கையில் உலக நேரப்படி தேதி, தொடங்கிய முடிந்த நேரங்கள், கிலோஹெர்ட்ஸில் அலைவரிசை, பெட்டி, ஏரியல் ஆகியவற்றோடு, குறைந்தது 20 நிமிட நிகழ்ச்சியின் விவரமும் வேண்டும். “செய்தியும் இசையும் கேட்டேன்” என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். “14.03-க்குப் பெண் குரலில் செய்தி, வெள்ளம் பற்றிய முதல் செய்தி, 14.10-க்கு நிலையப் பெயர், 14.11-க்குத் நரம்பு இசைக்கருவி மட்டும்” என்று நிமிடம் குறித்து எழுதினால், அவர்கள் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஒலித்தரத்தைச் சின்போ முறையில் ஐந்து இலக்கங்களால் குறிப்பார்கள். அவை முறையே அலையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இயற்கை இரைச்சல், ஒலி ஏறி இறங்கும் அளவு, மொத்தத் தரம் ஆகியவை. ஒவ்வொன்றிலும் 5 சிறந்தது, 1 மோசமானது. 35433 என்றால் வலிமை நடுத்தரம், குறுக்கீடு இல்லை, இரைச்சல் சிறிதே, ஏற்றத்தாழ்வு ஓரளவு, மொத்தத்தில் நடுத்தரம் என்று பொருள். நிலையத்தாரை மகிழ்விக்க 55555 என்று எழுத வேண்டாம். தங்கள் அலை எங்கே மெலிகிறது என்பதை அறியவே பொறியாளர்கள் இந்த அறிக்கையைப் படிக்கிறார்கள்.

பல நிலையங்கள் இப்போது மின்னஞ்சலில் வரும் அறிக்கைகளை ஏற்று, மின்னட்டையே அனுப்புகின்றன; ஒரு நிமிட ஒலிப்பதிவை உடன் இணைத்தால் ஐயத்துக்கே இடமிராது. சிறு நிலையங்களுக்கு அஞ்சலில் எழுதும்போது திரும்பும் தபால் செலவுக்கு வழி செய்து அனுப்புவது மரியாதை. பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். சில நிலையங்களிலிருந்து வராமலே போகலாம். அட்டை வந்ததும் அதிலுள்ள தேதியையும் அலைவரிசையையும் குறிப்பேட்டில் அன்றைக்கு எழுதிய வரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டும் அந்த வரிக்கு எதிரே ஒரு குறியிடுங்கள். நிலையத்தாரும் சில சமயம் அலைவரிசையைத் தவறாக எழுதிவிடுவதுண்டு.